பழைய இயர்போனா, புது இயர்போனா? காதைக் கேட்டு முடிவு செய்யுங்கள்!

"டாக்டர், பையன் நாலு வருஷமா ஒரே இயர்போனைத்தான் மாட்டிக்கிட்டுத் திரியறான். நூத்தம்பது ரூபா சமாசாரம். அது காதைக் கெடுத்துடுமா? ஆயிரத்து ஐந்நூறு போட்டு, வயர் இல்லாத புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்துடட்டுமா?"

இப்போதெல்லாம் தாய்மார்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சளிக்கும் மூட்டுவலிக்கும் மருந்து வாங்க வருகிறவர்கள், எழுந்து கிளம்புகிற நேரத்தில் இதைக் கேட்பார்கள். "கடைக்காரரிடம் கேட்க வேண்டியதை சித்த வைத்தியரிடம் கேட்கிறார்களே!" என்று சிரிக்காதீர்கள். காசு ஒரு பக்கம் இருக்கட்டும், காதல்லவா சம்பந்தப்பட்டிருக்கிறது?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயர்போனின் வயதும் காதுக்குத் தெரியாது, விலையும் தெரியாது. அதற்குத் தெரிந்தது மூன்றே மூன்று: எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம், எவ்வளவு சுத்தம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் நூற்றைம்பது ரூபாய் இயர்போன் போதும். இந்த மூன்றும் தப்பினால் பதினைந்தாயிரம் ரூபாய் இயர்போனும் காதைக் காப்பாற்றாது. ஆனாலும் பழசு ஜெயிக்கிற இடம் ஒன்று, புதுசு ஜெயிக்கிற இடம் ஒன்று என்று இருக்கத்தான் செய்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

உள்ளே இருப்பது ஒரே சங்கதிதான்!

1979-ல் சோனி கம்பெனி வாக்மேனை வெளியிட்டது. நடந்துகொண்டே பாட்டுக் கேட்கலாம் என்ற பழக்கம் உலகெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான். அன்றைய இயர்போனைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்னக் காந்தம், மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், காகிதம் போன்ற ஒரு சவ்வு இருக்கும். பாட்டு மின்சாரமாக வந்து சுருளில் ஓடும். சுருள் அதிரும். அதோடு ஒட்டிய சவ்வும் அதிரும். சவ்வு காற்றைத் தள்ளும். அதுதான் நம் காதில் பாட்டாக விழுகிறது.

இன்று கடையில் தொங்கும் வயர் இல்லாத இயர்போன்களில் பெரும்பாலானவற்றிலும் ஒலியை உண்டாக்குவது இதே காந்தம், இதே சுருள், இதே சவ்வுதான். புதிதாகச் சேர்ந்திருப்பவை பேட்டரி, ப்ளூடூத் சில்லு, சார்ஜ் ஏற்றும் டப்பா ஆகியவை. நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இவற்றுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கிய நல்ல வயர் இயர்போன், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ப்ளூடூத் இயர்போனுக்கு ஒலித் தெளிவில் சளைக்காமல் நிற்கிறது.

"ப்ளூடூத் மூளைக்கு ஆபத்தாமே?" என்றும் கேட்கிறார்கள். ப்ளூடூத்திலிருந்து வரும் ரேடியோ அலையின் சக்தி மிகக் குறைவு. செல்போனையே காதில் ஒட்டிவைத்துப் பேசும்போது வருவதைவிடக் குறைவு. பயப்பட வேண்டியது அலைக்கு அல்ல, சத்தத்துக்கு!

காதுக்குள் இருக்கும் வயல்

நம் உட்காதில் நத்தை ஓடு போல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. பட்டாணி அளவுதான். அதற்குள் ஒரு காதுக்கு சுமார் 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள், நாற்று நட்ட வயல் போல் வரிசையாக நிற்கின்றன. ஒலி வந்தால் இவை அசையும். அந்த அசைவே நரம்பு வழியாக மூளைக்குச் செய்தியாகப் போகிறது.

காற்றில் நாற்று சாய்ந்தால் மறுநாள் நிமிர்ந்துவிடும். கச்சேரி முடிந்து வந்த இரவு காதில் 'ஙொய்' என்று கேட்டு, காலையில் சரியாகிவிடுகிறதே, அது இந்த மாதிரிதான். ஆனால் தினமும் புயல் அடித்தால்? நாற்று ஒடிந்துவிடும். ஒடிந்த மயிர்ச் செல் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. அதை உயிர்ப்பிக்கும் தைலம் சித்தத்திலும் இல்லை, மாத்திரை அலோபதியிலும் இன்றுவரை இல்லை. "இருக்கிறது" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

முதலில் சாவது கீச்சுக் குரலைப் பிடிக்கும் செல்கள். அதனால் ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. பாட்டு கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும். 'ச', 'ஸ', 'த' போன்ற மெல்லிய எழுத்துகள் மட்டும் நழுவும். "பேசறது கேக்குது, என்ன பேசறாங்கன்னுதான் புரியல" என்று சொல்லும் நிலைமை அப்படித்தான் வருகிறது. இந்தப் பேச்சை அறுபது வயதுக்காரர் சொன்னால் சரி என்று எடுத்துக்கொள்ளலாம். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை சொன்னால்?

உலகம் முழுவதும் 100 கோடிக்கு மேற்பட்ட இளம் வயதினர், சத்தமாகக் கேட்கும் பழக்கத்தால் செவித்திறன் இழக்கும் அபாயத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கிரிவலக் கணக்கு

சத்தத்தை டெசிபலில் அளக்கிறார்கள். சாதாரணப் பேச்சு சுமார் 60. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-ல் ஒரு வரையறையை வெளியிட்டன. பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். குழந்தைகளுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல்தான்.

இதில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சத்தம் 3 டெசிபல் கூடினால், கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும்! 83 டெசிபலுக்கு 20 மணி நேரம். 86-க்கு 10. 89-க்கு 5. 92-க்கு இரண்டரை மணி. 95-க்கு ஒன்றேகால் மணி. இது ஒரு நாள் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள்; ஒரு வாரம் முழுவதற்கும் இவ்வளவுதான். பல செல்போன்களில் வால்யூமை முழுக்க வைத்தால் 100 டெசிபலையே எட்டிவிடும். அதற்கு வாரம் முழுவதற்கும் அரை மணி நேரம்கூடக் கிடையாது.

எங்கள் ஊர்க் கணக்காகச் சொன்னால் பளிச்சென்று புரியும். பௌர்ணமிக்கு அண்ணாமலையாரைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறோம். நிதானமாக நடந்தால் நாலு மணி நேரம். வழியெல்லாம் இயர்போனில் பக்திப் பாட்டு. அடக்கமாக 80 டெசிபலில் கேட்டுக்கொண்டு நடந்தால், வாரக் கணக்கில் பத்தில் ஒரு பங்குதான் செலவு. கூட்டத்து இரைச்சலை அமுக்க வேண்டும் என்று 92-க்கு ஏற்றிவிட்டால், பாதி வழி தாண்டியதுமே அந்த வாரத்துக் கணக்கு முழுக்கத் தீர்ந்துவிடும். மீதி நடையெல்லாம் கடன்! சாமி பாட்டென்பதற்காகக் காது தள்ளுபடி தராது.

பழசு ஜெயிக்கிற இடம்

பழைய வயர் இயர்போன்களில் இரண்டு ரகம் உண்டு. வாக்மேன் காலத்து உருண்டை ரகம், காதின் வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கும். ரப்பர் மூடி போட்ட ரகம், காதுத் துளைக்குள்ளேயே நுழைந்து அடைத்துக்கொள்ளும்.

வீட்டில், அமைதியான அறையில், ஆன்லைன் பாடமோ செய்தியோ கேட்பதற்கு அந்த உருண்டை ரகத்துக்கு ஈடு இல்லை. துளையை அடைக்காது. காற்றோட்டம் இருக்கும். வேர்க்காது. குறும்பியை உள்ளே தள்ளாது. அம்மா கூப்பிட்டால் காதில் விழும்.

ரோட்டிலும் அப்படியே. சாதாரண நாட்களில் கிரிவலப் பாதையில் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பின்னால் வரும் ஆட்டோவின் ஹாரன் கேட்காமல் நடப்பது என்ன பக்தி? நடக்கும்போதும் சைக்கிள் ஓட்டும்போதும் காதை அடைக்கும் ரகம் கூடவே கூடாது. நடப்பவர்கள் ஒரு காதையாவது சும்மா விடுங்கள். வண்டி ஓட்டும்போது எந்த இயர்போனும் வேண்டாம்.

ஆயுளிலும் பழசுக்குத்தான் மார்க். வயர் இல்லாத இயர்போனில் உளுந்து மணி போல் ஒரு லித்தியம் பேட்டரி இருக்கிறது. இரண்டு மூன்று வருஷத்தில் அதன் தெம்பு குறையும். பெரும்பாலானவற்றில் மாற்றவும் முடியாது. வயர் இயர்போனில் கெடுவது பெரும்பாலும் பின்னுக்குப் பக்கத்தில் மடங்கும் வயர்தான். செல்போன் ரிப்பேர் கடையில் புதுப் பின் வைத்துத் தருவார்கள். 2016-ல் வந்த ஐபோன் 7-ல் இயர்போன் ஓட்டையை எடுத்துவிட்டார்கள். பிறகு பல கம்பெனிகளும் எடுத்தன. அதற்கும் டைப்-சி மாற்றுப் பின் கடையில் கிடைக்கிறது. ஓட்டை இல்லை என்பதற்காக நல்ல இயர்போனைத் தூக்கிப் போட வேண்டாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை. செல்போன் சார்ஜில் இருக்கும்போது வயர் இயர்போனைக் காதில் மாட்டாதீர்கள். மட்டமான சார்ஜர் பழுதானால் மின்சாரம் வயர் வழியே வர இடமுண்டு.

புதுசு ஜெயிக்கிற இடம்

திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். போக இரண்டு மணி, வர இரண்டு மணி. ஓடுகிற பஸ்ஸுக்குள் இரைச்சல் 80 டெசிபலைத் தொடுவது சகஜம். உருண்டை ரக இயர்போன் இந்த இரைச்சலைத் தடுக்காது. பாட்டு காதில் விழ வேண்டுமானால் இரைச்சலைத் தாண்டி வால்யூமை ஏற்றத்தான் வேண்டும். 89-க்கு ஏற்றினால் திங்கட்கிழமை போகவும் வரவும் நாலு மணி. செவ்வாய்க்கிழமை காலையில் வேலூர் போய்ச் சேருவதற்குள் வாரக் கணக்கு காலி! பழைய இயர்போன் காதைக் கெடுக்கும் இடம் இதுதான். இயர்போன் நல்லதுதான், இடம்தான் அதற்குப் பொருந்தவில்லை.

இங்கே இரைச்சலை அடக்கும் புது ரகம் உதவும். அதன் கதையும் சுவாரசியமானது. அமெரிக்காவில் வாழ்ந்த அமர் போஸ், வங்காளத் தந்தைக்குப் பிறந்தவர். ஒலித் துறையில் பெரிய மேதை. 1978-ல் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போனபோது ஹெட்ஃபோனைப் போட்டிருக்கிறார். இன்ஜின் இரைச்சலில் பாட்டு ரசிக்கவில்லை. 'இரைச்சலுக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடாதா?' என்ற யோசனையை அந்தப் பயணத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். 1989-ல் அவருடைய கம்பெனி விமானிகளுக்கான ஹெட்செட்டாக அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று விமானிகளுக்கு மட்டும் கிடைத்தது, இன்று இரண்டாயிரம் ரூபாய் இயர்போனிலும் வந்துவிட்டது.

விலை குறைந்த ரகங்களில் இது ஓரளவுக்குத்தான் வேலை செய்யும். பஸ் இன்ஜினின் 'உம்ம்' என்ற ஒரே சீரான இரைச்சல் நன்றாக அடங்கும். ஹாரன், பக்கத்து சீட் அரட்டை எல்லாம் அவ்வளவாக அடங்காது. நூற்றைம்பது ரூபாய் வயர் இயர்போனேகூட, அளவு பொருந்திய ரப்பர் மூடி போட்டிருந்தால் வெளி இரைச்சலைக் கணிசமாகத் தடுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். சின்னது, நடுத்தரம், பெரிசு என்று மூன்று ஜோடி மூடி கொடுத்திருப்பார்களே, அதை எத்தனை பேர் மாற்றிப் பார்த்திருக்கிறோம்?

ஆனால் புதுசு வாங்கிவிட்டு வால்யூமைப் பழைய இடத்திலேயே வைத்திருந்தால், வாங்கியது தண்டம். இரைச்சல் குறைந்த அளவுக்கு வால்யூமையும் குறைத்தால்தான் அந்தக் காசு காதுக்குப் போய்ச் சேரும். இன்னொன்று: ஒரே செல்போனில் ஒரே புள்ளியில் வால்யூம் வைத்தாலும் ஒவ்வொரு இயர்போனும் ஒவ்வொரு அளவு சத்தம் கொடுக்கும். புதுசு மாட்டும்போது முதலில் ரொம்பக் குறைத்து வைத்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். வீட்டு அமைதியில் சுகமாக இருக்கும் அளவைக் குறித்துக்கொண்டு, வெளியில் போனாலும் அதைத் தாண்டாமல் இருப்பது நல்ல பழக்கம்.

கெட்டது இயர்போனா, காதா?

"இந்தப் பக்கம் சத்தம் கம்மியா இருக்கு, இயர்போன் போயிடுச்சு" என்று சொல்லிப் புதுசு வாங்குகிறவர்கள் அதிகம். வாங்குவதற்கு முன் இரண்டு நிமிஷம் இந்தப் பரீட்சையைச் செய்யுங்கள்.

முதலில் இயர்போனின் வலையைத் துடையுங்கள். குறும்பி அடைத்திருந்தாலே சத்தம் பாதியாகும். பிறகு செய்தி வாசிப்பு ஒன்றைப் போடுங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம். ஸ்டீரியோ பாட்டில் இரண்டு பக்கமும் வேறு வேறு வாத்தியம் வரும், குழப்பும். எந்தக் காதில் குறைவாகக் கேட்கிறது என்று பாருங்கள். இப்போது வலது பக்கத்தை இடது காதிலும், இடது பக்கத்தை வலது காதிலும் மாற்றிப் போடுங்கள்.

குறைவு இயர்போனோடு சேர்ந்து மறு காதுக்கு மாறினால் கோளாறு இயர்போனிலோ செல்போனிலோ இருக்கிறது. மாற்றிப் போட்ட பிறகும் அதே காதில்தான் குறைவு என்றால்... கோளாறு உங்கள் காதில்!

வெறும் குறும்பி அடைப்பாக இருக்கலாம்; டாக்டர் எடுத்துவிட்டால் சரியாகிவிடும். ஆனால் ஒரே நாளில், அல்லது இரண்டு மூன்று நாளில், திடீரென்று ஒரு காது மந்தமானால் அது அவசர கேஸ். கூடவே காதிரைச்சல், தலைசுற்றல் இருந்தால் இன்னும் அவசரம். சூரணம், கஷாயம், கைவைத்தியம் என்று நாளைக் கடத்தாதீர்கள். என்னிடம் வந்தாலும் நான் சொல்வது இதுதான்: "அன்றைக்கே ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்கள்." எங்கள் ஊர்க்காரர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. நரம்பு சம்பந்தப்பட்ட திடீர்ச் செவிட்டுக்கு, முதல் சில நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் கேட்கும் சக்தி திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு மளமளவென்று குறையும். அந்த நாட்களைப் புது இயர்போன் தேடிக் கழித்துவிடக் கூடாதல்லவா?

சுத்தம்

பழைய இயர்போனின் உண்மையான பலவீனம் அழுக்குதான். வேர்வையும் குறும்பியும் படிந்த ரப்பர் மூடியில் கிருமியும் காளானும் குடியேறும். வேர்த்து விறுவிறுத்து நடக்கும்போது காதை அடைத்துவைத்தால் உள்ளே ஈரம் தங்கி, அரிப்பு, வலி, சீழ் என்று வரிசையாக வரும்.

வாரம் ஒருமுறை ரப்பர் மூடியைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். வலையை உலர்ந்த பழைய டூத் பிரஷால், வலைப்பக்கம் கீழே பார்க்கும்படி பிடித்துத் தட்டுங்கள். வெளிப்பக்கத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கலாம். கெட்டியாகிப்போன பஞ்சையும் வெடித்த ரப்பரையும் மாற்றிவிடுங்கள். அண்ணன் தம்பியானாலும் ஒருவர் இயர்போனை இன்னொருவர் மாட்டக் கூடாது.

காதுக்குள் பட்ஸ், கோழி இறகு, ஹேர்பின் எதுவும் வேண்டாம். குறும்பி அழுக்கு அல்ல. காதுக்கு இயற்கை போட்ட காவல். தானாகவே வெளியே வரும்.

சித்த மருத்துவம் என்ன சொல்கிறது?

ஐம்பூதங்களில் காது ஆகாயத்தின் கூறு என்கிறது சித்த மருத்துவம். ஆகாயம் என்றால் வெளி. வெளியை அடைத்து வைத்தால் அதற்கு ஆகாது என்று எளிமையாகப் புரிந்துகொள்ளலாம். தூக்கம் கெட்டால் வாதம் மிஞ்சும். இரவெல்லாம் காதில் மாட்டியபடி படுப்பது தூக்கத்துக்கும் கேடு, காதுக்கும் கேடு. எண்ணெய் முழுக்கு உடம்புச் சூட்டைத் தணிக்கும், நல்ல தூக்கம் தரும், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் குளித்தவுடன் ஈரக் காதில் இயர்போனை மாட்டாதீர்கள்.

"பாட்டி காலத்துல காதுல எண்ணெய் காய்ச்சி ஊத்தினாங்களே?" என்பீர்கள். சீழ் வடியும் காதிலும், சவ்வில் ஓட்டை இருக்கும் காதிலும் எண்ணெய் போனால் உள்ளே போய்த் தொல்லை கொடுக்கும். ஓட்டை இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஆகவே பரிசோதிக்காமல் எதையும் ஊற்றாதீர்கள்.

காதுக்கு நம்மால் கொடுக்க முடிந்த நல்ல மருந்து ஓய்வுதான். ஒரு மணி நேரம் கேட்டால் பத்து நிமிஷம் கழற்றி வையுங்கள். மௌனத்தையே உபதேசமாக வைத்த ரமணர் வாழ்ந்த ஊர் இது. நாளில் சிறிது நேரம் ஒன்றும் கேட்காமல் இருப்பதற்கு ஆசிரமம்தான் போக வேண்டும் என்பதில்லை. வீட்டுத் திண்ணையே போதும்.

ஆக, என்ன செய்யலாம்?

பிள்ளை பெரும்பாலும் வீட்டில், அமைதியில் கேட்கிறானா? பழைய வயர் இயர்போனே போதும். பின் சரியாக இருக்கட்டும், மூடி சுத்தமாக இருக்கட்டும். தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் மணிக்கணக்கில் கேட்கிறானா? பொருத்தமான ரப்பர் மூடியுள்ள ரகம் வாங்குங்கள். வசதி இருந்தால் இரைச்சல் அடக்கும் ரகம். வால்யூமைக் குறைப்பேன் என்று ஒப்புக்கொண்ட பிறகு வாங்கிக் கொடுங்கள். வாங்கும் நாளிலேயே செல்போனின் செட்டிங்கில் வால்யூம் உச்சவரம்பு இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். ஐரோப்பிய நாடுகளில் 2013 முதல் பாட்டுக் கருவிகள் 85 டெசிபலில் எச்சரிக்கும்படி செய்திருக்கிறார்கள். நம் வீட்டில் அந்தச் சட்டத்தை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இயர்போன் போனால் கடையில் வேறு கிடைக்கும், பழசும் கிடைக்கும், புதுசும் கிடைக்கும். அதை மாட்டுகிற காது ஒரே ஜோடிதான்.